ஆயுதச் சாலையின் கதவைத் திறந்த ஏ. பிலிப் ராண்டால்ப்

இரண்டாம் உலகப் பெரும்போரின்போது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் டெட்ராய்ட் மாநகரம் நேச நாடுகளின் ஆயுத உலைக்களமாக விளங்கிற்று. அதுவரை மோட்டார் கார்களைச் செய்து உலகெங்கும் அனுப்பிவந்த அந்நகரம், டாங்கிகளையும் விமான எஞ்சின்களையும் பீரங்கிகளையும் குண்டுவீச்சு விமானங்களையும் இரவு பகலாகச் செய்து குவித்தது. ஆட்கள் ஆயிரம் ஆயிரமாகத் தேவைப்பட்டனர். ஆயினும் வேலை கேட்டு வாயிலில் வந்து நின்ற கறுப்பினத் தொழிலாளருக்கு அத்தொழிற்சாலைகளின் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. அவற்றைத் திறக்கச் செய்தவர் முதலாளி அல்லர். படைத் தலைவர் அல்லர். சட்டமன்ற உறுப்பினரும் அல்லர். இரயில் வண்டிகளில் பிறருக்குப் படுக்கை விரித்தும், பிறர் காலணிக்கு மெருகிட்டும் பிழைத்த எளிய மக்களின் தொழிற்சங்கத் தலைவரே அவர். ஏசா பிலிப் ராண்டால்ப் என்பது அவர் பெயர்.

கல்வியை நம்பி முன்னேற முயலும் ஒவ்வொரு சமுதாயமும் அறிந்துகொள்ளத் தக்கது அவர் வாழ்வு. படிப்பும் பயிற்சியும் பெற்றவனுக்கும் வேலைக் கதவு அடைபட்டிருக்குமாயின் அவன் என் செய்வது? இக்கேள்வி நமக்குப் புதியதன்று. ராண்டால்ப் அதற்குத் தம் வாழ்நாள் முழுவதும் உழைத்து விடை கண்டார்.

பிறப்பும் வளர்ப்பும்

ராண்டால்ப் 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் புளோரிடா மாநிலத்தில் கிரசென்ட் சிட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் வில்லியம் ராண்டால்ப், ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் போதகர். ஏழைச் சபையார் அளித்த காணிக்கை குடும்பத்திற்குப் போதாமையால் அவர் தையல் தொழிலும் செய்துவந்தார். தாயார் பெயர் எலிசபெத். புதல்வர் இருவருள் இளையவரே பிலிப். 1891-இல் குடும்பம் ஜாக்சன்வில் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அந்நாளில் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு எங்கும் தனியிடம் வகுக்கப்பட்டிருந்தது. டிராம் வண்டியில் தனி இருக்கை. நூலகத்தில் தனி அறை. இழிவை ஏற்கப் பிள்ளைகள் பழகிவிட்டால் பின்னர் அதை உதறுதல் அரிது என்பதைப் பெற்றோர் உணர்ந்திருந்தனர். எனவே அத்தகைய வண்டியில் ஏறுவதினும் நடந்து போவதே நன்று என்றும், அத்தகைய அறையில் படிப்பதினும் வீட்டில் படிப்பதே நன்று என்றும் புதல்வர்க்கு அவர்கள் விதித்திருந்தனர். வீட்டில் பொருள் குறைவு. ஆயினும் நூல்களுக்குக் குறைவில்லை.

இளமையில் கண்ட ஓர் இரவு ராண்டால்பின் நெஞ்சில் என்றும் அழியாது நின்றது. சிறையில் அடைக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர் ஒருவரை இழுத்துச் சென்று தூக்கிலிட வெறிக் கூட்டம் ஒன்று முற்படுவதாகச் செய்தி வந்தது. தந்தையார் தம் நண்பர்களுடன் சென்று சிறையின் முன் இரவெல்லாம் காவல் நின்றார். தாயார் மடியில் துப்பாக்கியுடன் வீட்டில் விழித்திருந்தார். வெறிக் கூட்டம் நெருங்க அஞ்சிக் கலைந்தது. உயிர் ஒன்று தப்பியது. எளியவர் ஒன்றுகூடி உறுதியோடு நின்றால் வலியவரும் பின்வாங்குவர் என்ற பாடத்தைப் பள்ளிப் பாடத்திற்கு முன்னரே அச்சிறுவர் கற்றுக்கொண்டார்.

குக்மன் கல்விக்கூடத்தில் பயின்று 1907-ஆம் ஆண்டில் தம் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். இலக்கியத்திலும் நாடகத்திலும் சொற்பொழிவிலும் சிறந்து விளங்கினார். ஆனால் முதல் மாணவருக்குக் காத்திருந்த வேலைகள் யாவை? மரம் அடுக்குதல், இரயில் பாதை போடுதல் போன்ற கூலி வேலைகளே. கல்வி இருந்தது, அக்கல்விக்குரிய வாயில் இல்லை. அந்நிலையில் 1911-ஆம் ஆண்டு அவர் நியூயார்க் நகரை அடைந்தார்.

ஹார்லெம் வாழ்க்கை

நியூயார்க்கில் கறுப்பின மக்கள் மிகுதியாகக் குடியேறத் தொடங்கியிருந்த ஹார்லெம் பகுதியில் ராண்டால்ப் தங்கினார். பகலில் மின்தூக்கி இயக்குபவராகவும் உணவு பரிமாறுபவராகவும் பணியாற்றி, இரவில் சிட்டி கல்லூரியில் பொருளியலும் வரலாறும் பயின்றார். ஹார்லெமுக்கு அண்மையில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு 1913-ஆம் ஆண்டில் பரோடா அரசின் உதவியுடன் வந்து சேர்ந்த அண்ணல் அம்பேத்கர், 1916 வரை அங்குப் பயின்றார். இரு வேறு நாடுகளில் ஒடுக்கப்பட்ட மக்களின் விடுதலைக்கு உழைக்கவிருந்த இரு இளைஞர்கள் அவ்வாண்டுகளில் ஒரே மாநகரில் நூல்களோடு உறவாடிக் கொண்டிருந்தனர் என்பது நினைக்கத் தக்கது.

1914-இல் லூசில் கிரீன் என்னும் அம்மையாரை ராண்டால்ப் மணந்தார். அவர் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். சொந்தமாக அழகு நிலையம் நடத்திப் பொருளீட்டியவர். கணவரின் பொதுப்பணிக்குப் பல்லாண்டுகள் பொருள் தந்து தாங்கியவர் அவரே. தலைவர்களின் வரலாற்றில் இத்தகைய துணைவியர்க்கு உரிய இடம் தரப்படுவதில்லை. ஆதலின் இங்குக் குறிக்கிறோம்.

நண்பர் சாண்ட்லர் ஓவனுடன் சேர்ந்து 1917-ஆம் ஆண்டில் மெசெஞ்சர் என்னும் இதழைத் தொடங்கினார் ராண்டால்ப். சமதர்மக் கொள்கையர் ஆகிய இருவரும் முதல் உலகப் போரை எதிர்த்து எழுதினர், பேசினர். 1918-இல் கிளீவ்லாந்து நகரில் இருவரும் கைது செய்யப்பட்டனர். வழக்கை ஆராய்ந்த நீதிபதி, இத்துணைக் கூர்மையான கட்டுரைகளைக் கறுப்பின இளைஞர் இருவர் எழுதியிருக்க இயலாது, வெள்ளையர் எவரோ எழுதி இவர்கள் பெயரைப் பயன்படுத்துகின்றனர் என்று கருதி அவர்களை விடுவித்தார். அறிவை ஒப்புக்கொள்ள மறுத்த அந்த இழிவே அன்று அவர்களைச் சிறையினின்று காத்தது!

பன்னிரண்டு ஆண்டுப் போராட்டம்

தொலைதூர இரயில்களில் படுக்கை வண்டிகளை நடத்திவந்தது புல்மன் கம்பெனி. அவ்வண்டிகளில் பணியாற்றிய போர்ட்டர்கள் ஏறத்தாழ அனைவரும் கறுப்பினத்தவர். மாதம் 400 மணி நேரம் உழைப்பு. 67½ டாலர் ஊதியம். எஞ்சியது பயணிகள் தரும் இனாம். பெற்றோர் இட்ட பெயரால் அழைக்கப்படும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை. கம்பெனியை நிறுவிய ஜார்ஜ் புல்மனின் பெயரைக் கொண்டு அனைவரையும் ஜார்ஜ் என்றே பயணிகள் அழைத்தனர். ஆண்டானின் பெயரால் அடிமையை அழைத்த பழைய வழக்கத்தின் எச்சம் அது.

அவர்களுக்குச் சங்கம் அமைக்க முயன்றவர்கள் வேலையிழந்தனர். எனவே கம்பெனியின் ஊழியர் அல்லாத, ஆதலின் வேலைநீக்கத்திற்கு அஞ்ச வேண்டாத தலைவர் ஒருவரை அவர்கள் நாடினர். 1925-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் நாள் ஹார்லெமில் ராண்டால்ப் தலைமையில் படுக்கை வண்டிப் போர்ட்டர்கள் சகோதரத்துவச் சங்கம் பிறந்தது.

கம்பெனி ஒற்றர்களை ஏவிற்று. சங்கத்தாரை வேலையை விட்டு நீக்கிற்று. 1928-இல் அறிவித்த வேலைநிறுத்தத்தைச் சங்கம் கைவிட நேர்ந்தபோது உறுப்பினர் பலர் விலகினர். மெசெஞ்சர் இதழ் நின்றது. வாடகைக்கும் விளக்குக்கும் பணமில்லாத நிலை வந்தது. ராண்டால்ப் அசையவில்லை. 1935-இல் சங்கம் தேர்தலில் வென்று ஊழியரின் பிரதிநிதியாக ஏற்கப்பட்டது. 1937-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் நாள், சங்கம் பிறந்து சரியாக 12 ஆண்டுகள் நிறைந்த அன்று, ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாத வேலை 400 மணியிலிருந்து 240 மணியாகக் குறைந்தது, ஊதியம் உயர்ந்தது. பெரிய அமெரிக்கக் கம்பெனி ஒன்று கறுப்பினத்தவரின் சங்கத்தோடு செய்துகொண்ட முதல் ஒப்பந்தம் அது. நாடெங்கும் செல்லும் இரயில்களில் பணியாற்றிய போர்ட்டர்கள் ஊர்தோறும் செய்தியையும் இதழ்களையும் கொண்டு சேர்க்கும் தூதர்களாகவும் விளங்கினர். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு இவ்வமைப்பே அடித்தளமாயிற்று.

ஆயுத உலைக்களமான நகரம்

1939-இல் ஐரோப்பாவில் போர் மூண்டது. 1940-இல் பிரான்சு வீழ்ந்தபின் அமெரிக்கா பெருமளவில் ஆயுதம் செய்யத் தொடங்கிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவர் வில்லியம் நட்சன் அரசுப் பணிக்கு அழைக்கப்பட்டு உற்பத்திப் பொறுப்பை ஏற்றார். மோட்டார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் ஆயுதத் தொழிலின் தலைநகராக மாறிற்று.

நகருக்கு வடக்கே சோள வயலாகக் கிடந்த நிலத்தில் கிரைஸ்லர் கம்பெனி டாங்கித் தொழிற்சாலையை எழுப்பிற்று. 1940 செப்டம்பரில் தொடங்கிய அச்சாலையிலிருந்து 1941 ஏப்ரலில் முதல் டாங்கி வெளிவந்தது. போர் முடிவதற்குள் 22,000-க்கு மேற்பட்ட டாங்கிகள் வந்தன. பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சின்களைப் பேக்கார்ட் கம்பெனி 55,000-க்கு மேல் செய்தது. நகருக்கு மேற்கே ஏறத்தாழ 30 மைல் தொலைவில், வில்லோ ரன் என்னுமிடத்தில் போர்டு கம்பெனி அமைத்த சாலை பி-24 குண்டுவீச்சு விமானங்களைச் செய்தது. 1944-இல் மணிக்கு ஒரு விமானம் என்னும் அளவை எட்டிய அச்சாலை, 1945-க்குள் 8,685 விமானங்களை அளித்தது. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி அடியோடு நிறுத்தப்பட்டது.

இவ்வியப்பு எங்ஙனம் இயன்றது? கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் முழுமையாகச் செய்யும் பொருளை நூற்றுக்கணக்கான சிறு சிறு வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொருவரிடம் ஒப்படைப்பது மோட்டார்த் தொழிலின் முறை. துளையிடுபவர் துளை மட்டும் இடுவார். ஆணி அடிப்பவர் ஆணி மட்டும் அடிப்பார். எனவே சில வாரப் பயிற்சியிலேயே உழவர் வீட்டு இளைஞரும், அதுவரை ஆலையின் உள்ளே அடிவைத்தறியாத பெண்டிரும் ஆயுதத் தொழிலாளர் ஆயினர். கறுப்பினத்தவருக்குத் திறமை இல்லை என்ற சாக்கு, இம்முறையின் முன் நிற்க இயலாததாயிற்று. சாக்கு வீழ்ந்தது, தடை வீழவில்லை.

ஒன்றையொன்று பூட்டிய கதவுகள்

முதல் உலகப் போர்க்காலம் முதலே தென் மாநிலக் கறுப்பினத்தவர் வேலை நாடி டெட்ராய்ட் வந்தனர். 1910-இல் 6,000-க்கும் குறைவாக இருந்த அவர்கள் எண்ணிக்கை 1940-இல் ஏறத்தாழ 1,49,000 ஆயிற்று. மோட்டார் ஆலைகளில் அவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வெப்பம் மிகுந்த வார்ப்படச் சாலை வேலையும், துப்புரவு வேலையும், சுமை தூக்கும் வேலையுமே. போர்டு கம்பெனியின் ரூஜ் ஆலை அவர்களை ஆயிரக்கணக்கில் அமர்த்தியது உண்மை. அங்கும் அவர்களுள் பெரும்பாலோர் உருகிய இரும்பின் அருகிலேயே நிறுத்தப்பட்டனர்.

ஆயுதச் சாலைகள் எழுந்தபோது நிலைமை மேலும் கொடிதாயிற்று. புதிய ஆலைகள் பல வெள்ளையரை மட்டுமே நாடின. நாட்டின் விமானத் தொழிற்சாலைகளில் கறுப்பினத்தவரைக் காண்பதே அரிது. அரசின் செலவில் தொழிற்பயிற்சி வகுப்புகள் நடந்தன. அவற்றை நடத்தியோர், வேலை கிடைக்காதவருக்குப் பயிற்சி எதற்கு என்று கருதிக் கறுப்பின இளைஞரை விலக்கினர். ஆலை நிர்வாகமோ, பயிற்சி இல்லாதவருக்கு வேலை எப்படித் தருவது என்று கேட்டு விலக்கிற்று. பயிற்சிக் கதவை வேலைக் கதவு பூட்டியது. வேலைக் கதவைப் பயிற்சிக் கதவு பூட்டியது. இரண்டிற்கும் வெளியே நின்றது ஓர் இனம். அவ்வாலைகளுக்குப் பொருள் தந்தது அரசின் கருவூலம். அக்கருவூலத்திற்கு வரி தந்தோருள் அவ்வினத்தாரும் இருந்தனர். கொடுங்கோன்மையை எதிர்த்து உரிமை காக்கும் போர் என்று கூறிச் செய்த ஆயுதத்தைத் தொடும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை!

முதற்போரை எதிர்த்துச் சிறை கண்ட ராண்டால்ப், இரண்டாம் போரில் ஆயுதச் சாலையில் இடம் கேட்டது முரண் அன்றோ என்று சிலர் எண்ணலாம். இட்லரின் இனவெறி வெல்லுமாயின் ஒடுக்கப்பட்ட இனம் எதுவும் தலைநிமிர முடியாது என்பதை அவர் உணர்ந்தார். அதே வேளையில், வெளிநாட்டு இனவெறியை வீழ்த்தும் வரை உள்நாட்டு இனவெறியைப் பொறுத்திருக்க வேண்டும் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. அவர் கேட்டது ஆயுதம் அன்று. ஆயுதத் தொழிலின் வழி வந்த நல்லூதியத்தையும் கைத்தொழில் அறிவையும் குடிமகன் என்னும் மதிப்பையுமே அவர் கேட்டார்.

தலைநகர் நோக்கி

1940 செப்டம்பர் 27-ஆம் நாள் ராண்டால்பும் வால்டர் ஒயிட், அர்னால்டு ஹில் ஆகிய தலைவர்களும் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டைக் கண்டு முறையிட்டனர். இன்சொல் கிடைத்தது, பயன் கிடைக்கவில்லை. படையில் இனப் பிரிவினை தொடரும் என்ற அறிவிப்பே பின்னர் வெளிவந்தது. தூது செல்வதாலும் மனு அளிப்பதாலும் இனி ஆவதொன்றில்லை என்று ராண்டால்ப் தெளிந்தார்.

அவ்வாண்டின் இறுதியில், சங்கத் தோழர் மில்டன் வெப்ஸ்டருடன் தென் மாநிலங்களுக்கு இரயிலில் செல்லும்போது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. கறுப்பின மக்கள் திரண்டு தலைநகர் வாஷிங்டனின் வீதிகளில் அணிவகுத்துச் சென்றால் என்ன? 1941 ஜனவரியில் 10,000 பேர் கொண்ட பேரணிக்கு அழைப்பு விடுத்தார். ஆதரவு பெருகவே எண்ணிக்கை 1,00,000 என உயர்ந்தது. ஜூலை 1-ஆம் நாள் குறிக்கப்பட்டது. பேரணியில் நடப்போர் கறுப்பினத்தவராகவே இருத்தல் வேண்டும், செலவும் அவர்களுடையதாகவே இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தார். வெள்ளையரிடம் கொண்ட வெறுப்பினால் அன்று; தம் காலில் தாமே நிற்க மக்கள் பழக வேண்டும் என்பதனால். போர்ட்டர்கள் இரயில் நிலையந்தோறும் அச்செய்தியைப் பரப்பினர்.

அரசு கலங்கிற்று. பேரணியைக் கைவிடுமாறு கறுப்பின மக்களின் நண்பராகிய எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாரே வேண்டினார். ராண்டால்ப் இசையவில்லை. ஜூன் 18-ஆம் நாள் குடியரசுத் தலைவர் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். வால்டர் ஒயிட் உடனிருந்தார். ரூஸ்வெல்ட் பேச்சில் வல்லவர். ஹார்வர்டில் எந்த ஆண்டு மாணவர் என்று வினவி உரையாடலை இனிமையாகத் தொடங்கினார். இரவுக் கல்லூரியில் படித்த ராண்டால்ப், தாம் ஹார்வர்டில் பயிலவில்லை என்று அமைதியாகக் கூறிவிட்டு, வந்த செயலுக்குத் திரும்பினார். ஆலைத் தலைவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வதாகக் குடியரசுத் தலைவர் கூறினார். அது போதாது, ஆணை வேண்டும் என்றார் ராண்டால்ப். எத்துணைப் பேர் வருவர் என்ற வினாவுக்கு 1,00,000 என்று விடையிறுத்தார். ரூஸ்வெல்ட் ஒயிட்டின் பக்கம் திரும்பி அதே வினாவைக் கேட்டார். அதே விடை கிடைத்தது.

ஏழே நாளில், 1941 ஜூன் 25-ஆம் நாள், குடியரசுத் தலைவரின் 8802-ஆம் எண் ஆணை பிறந்தது. ஆயுதத் தொழில்களிலும் அரசுப் பணிகளிலும் இனம், நிறம், சமயம், பிறந்த நாடு ஆகியவை காரணமாக வேற்றுமை காட்டலாகாது என்று அது விதித்தது. ஆயுத உற்பத்திக்கான தொழிற்பயிற்சி வகுப்புகளிலும் வேற்றுமை கூடாது என்றது. ஒன்றையொன்று பூட்டியிருந்த இரு கதவுகளுக்கும் ஒரே ஆணையில் சாவி கிடைத்தது. ஆணையை மேற்பார்க்க நியாய வேலைவாய்ப்புக் குழு அமைக்கப்பட்டது; மில்டன் வெப்ஸ்டரும் அதில் இடம்பெற்றார்.

ராண்டால்ப் பேரணியை நிறுத்தினார். இளைஞர் பலர் சினந்தனர். படையில் பிரிவினை நீங்கவில்லையே, அதற்குள் ஏன் பணிந்தீர் என்று கடிந்தனர். அவர்கள் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பேரணி ஒத்திவைக்கப்பட்டதே அன்றிக் கைவிடப்படவில்லை என்றே ராண்டால்ப் கொண்டார். இயக்கத்தைக் கலைக்காமல் நிலைத்த அமைப்பாக்கினார். அவ்வமைப்பின் கொள்கை மாநாடு 1942 செப்டம்பர் 26, 27 ஆகிய நாள்களில் டெட்ராய்ட் நகரிலேயே கூடிற்று. கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு கிடைக்காததற்குப் போராடுவதே அவர் முறை.

ஆணைக்குப் பின்

ஆணை பிறந்த மறுநாளே கதவுகள் திறந்துவிட்டன என்று எண்ணலாகாது. குழுவிற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. விசாரிக்கலாம், நாடறியச் செய்யலாம், அவ்வளவே. டெட்ராய்டில் ஒவ்வோர் அடியும் போராட்டமாகவே அமைந்தது. கறுப்பினத் தொழிலாளருக்கென அரசு கட்டிய சோஜர்னர் ட்ரூத் குடியிருப்பில் 1942 பிப்ரவரியில் குடியேற வந்தவர்களை வெறிக் கூட்டம் தடுத்துத் தாக்கிற்று. ஏப்ரல் இறுதியில் படையினர் காவலுடனேயே அவர்கள் குடிபுக முடிந்தது. கறுப்பினப் பெண்டிருக்கு ஆலைக் கதவு எல்லாருக்கும் கடைசியாகவே திறந்தது.

1943 ஜூன் மாதம் பேக்கார்ட் ஆலையில், விமான எஞ்சின் பொருத்தும் வரிசைக்குக் கறுப்பினத் தொழிலாளர் மூவர் உயர்த்தப்பட்டனர். மூன்றே பேர்! அதனைப் பொறாது ஏறத்தாழ 25,000 வெள்ளையர் வேலையை விட்டு வெளியேறினர். போர்முனையில் வீரர் மடியும்போது எஞ்சின் உற்பத்தி நின்றது. மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஆர். ஜே. தாமஸ், வெள்ளை உறுப்பினரின் சினத்திற்கு அஞ்சாது வேலைநிறுத்தத்தைக் கண்டித்தார். அரசும் உறுதியாக நின்றது. சில நாளில் ஆலை மீண்டும் இயங்கிற்று.

அதே மாதம் 20-ஆம் நாள் நகரில் இனக் கலவரம் மூண்டது. மூன்று நாளில் 34 பேர் மாண்டனர். அவர்களுள் 25 பேர் கறுப்பினத்தவர். அவர்களில் 17 பேர் காவல்துறையினரால் கொல்லப்பட்டவர்கள். கூட்டரசுப் படை வந்தபின்னரே அமைதி திரும்பிற்று. கதவைத் திறக்க ஆணை போதும். உள்ளே இருப்போர் உள்ளத்தைத் திறக்க ஆணை போதாது என்பதை டெட்ராய்ட் குருதியால் எழுதிக் காட்டியது.

எனினும் ஆணை வீண்போகவில்லை. 1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாட்டின் போர்த்தொழில்களில் 100-க்கு 3 பேர் அளவிலேயே இருந்த கறுப்பினத் தொழிலாளர், 1944-ஆம் ஆண்டின் இறுதியில் 100-க்கு 8 பேர் ஆயினர். ஆள் பற்றாக்குறையும் இதற்கு ஒரு காரணமே. ஆயினும் பற்றாக்குறை வந்தபோது நியாயம் கேட்க ஓர் ஆணையும் முறையிட ஓர் இடமும் இருந்தன. வார்ப்படச் சாலையின் புகையில் நின்றவர்களின் மக்கள் லேத்தும் வெல்டிங்கும் கற்றனர். தொழிற்சங்கத்தில் இடம் பெற்றனர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வருவாயும் பெற்றனர்.

1945-இல் போர் முடிந்தது. ஆயுத ஒப்பந்தங்கள் நீக்கப்பட்டன. கடைசியில் சேர்க்கப்பட்டவர்கள் முதலில் நீக்கப்பட்டனர். நியாய வேலைவாய்ப்புக் குழுவும் 1946-இல் மறைந்தது. அதனை நிலையாக்கும் சட்டத்தைத் தென் மாநில உறுப்பினர்கள் செனட் சபையில் தடுத்துவிட்டனர். நெருக்கடியில் வழங்கப்படும் உரிமை, சட்டமாக வேரூன்றாவிடில் நெருக்கடியோடு போய்விடும் என்பது இதனால் விளங்கிற்று.

எஞ்சிய பணி

1941-இல் கிடைக்காத படைச் சமத்துவத்தை ராண்டால்ப் மறக்கவில்லை. பிரிவினை நிலவும் படையில் சேர மறுக்குமாறு இளைஞர்க்கு அறிவுரை கூறப்போவதாக 1948-இல் அறிவித்தார். சிறைக்கும் அணியமாயிருந்தார். அவ்வாண்டு ஜூலை 26-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன் 9981-ஆம் எண் ஆணையால் படையில் சம நடத்தையை விதித்தார். ஏழாண்டுகளுக்கு முன் சினந்த இளைஞரின் கோரிக்கை நிறைவேறத் தொடங்கிற்று.

ஒத்திவைத்த பேரணியும் நிகழாமற் போகவில்லை. 22 ஆண்டுகளுக்குப் பின், 1963 ஆகஸ்ட் 28-ஆம் நாள், வேலைக்கும் விடுதலைக்குமாக ஏறத்தாழ 2,50,000 மக்கள் வாஷிங்டனில் திரண்டனர். மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய அப்பேரணியின் தலைவர் 74 வயது முதியவரான ராண்டால்ப். ஏற்பாடுகளைச் செய்தவர் பேயர்டு ரஸ்டின். அதற்குச் சில மாதங்கள் முன்னரே லூசில் அம்மையார் மறைந்திருந்தார். வாழ்நாள் முழுதும் தாங்கிய துணை இன்றி அவர் அந்த மேடையில் நின்றார். வேலைவாய்ப்பில் வேற்றுமையைத் தடுக்கும் விதி, அடுத்த ஆண்டில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தில் இடம்பெற்றது. போர்க்கால ஆணையாக 1941-இல் தொடங்கியது 1964-இல் நிலைத்த சட்டமாயிற்று. 1979 மே 16-ஆம் நாள் தம் 90-ஆம் வயதில் நியூயார்க்கில் ராண்டால்ப் இயற்கை எய்தினார். சேர்த்துவைத்த செல்வம் என்று சொல்ல அவரிடம் ஏதுமில்லை.

நமக்குரிய பாடம்

ராண்டால்ப் ஆயுதச் சாலைக் கதவுகளோடு போராடிய அதே ஆண்டுகளில் நம் நாட்டிலும் அத்தகைய முயற்சி நிகழ்ந்தது. 1941-இல் மகர் படைப்பிரிவு அமைந்தது. 1942 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். 1943-இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் வகுப்பினர்க்கு 8⅓ விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. உலகப் போரின் நெருக்கடியைத் தம் மக்களின் உரிமைக்கு வாயிலாக்கியதில் இருவரும் ஒரே வழி நடந்தனர்.

கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழா மலரில் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் வரலாறு ஏன் என்று எவரேனும் கேட்பின் விடை இதுவே. ஜாக்சன்வில்லில் முதல் மாணவராகத் தேறிய இளைஞர் மரம் அடுக்கும் கூலியானார். கல்வி அவருக்கு வேலை தரவில்லை. ஆனால் வேலை ஏன் கிடைக்கவில்லை என்று ஆராயும் அறிவைத் தந்தது. அவ்வறிவைத் தம் ஒருவர் உயர்வுக்கு மட்டும் அவர் பயன்படுத்தியிருப்பின், ஹார்லெமில் வசதியாக வாழ்ந்து மறைந்திருப்பார். படுக்கை விரித்தவர்களிடம் அதைக் கொண்டு சென்றார், அவர்களை ஒன்றுசேர்த்தார், பன்னிரண்டு ஆண்டுகள் பொறுத்தார். அந்த ஒற்றுமையின் வலிமையே பின்னர் வெள்ளை மாளிகையில் அவர் கூறிய எண்ணிக்கைக்கு மதிப்பைத் தந்தது.

நம் சங்கத்தின் விடுதியில் தங்கிப் படித்துச் சான்றிதழோடு வெளியேறும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஏதேனும் ஒரு கதவின் முன் நிற்க நேரும். திறந்தால் உள்ளே செல்க. சென்றபின் அடுத்து வருபவருக்காக அதனைத் திறந்தே வைத்திருக்க. திறக்காவிடில், தனியே நின்று மனம் உடைய வேண்டா. அக்கதவின் முன் நிற்பவர் தாம் ஒருவர் மட்டும் அல்லர் என்பதை அறிந்து, மற்றவரையும் அழைத்து வருக. டெட்ராய்டின் இரும்புக் கதவுகள் அவ்வாறே திறந்தன.